மோட்டார் ஓடுகிறது, ஹாரன் ஊதவில்லை: பழைய இரட்டைக் குழல் ஏர் ஹாரனைச் சரி செய்ய வழி சொல்லுங்கள்

ஒற்றைச்சாவி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. என்னிடம் 1964 மாடல் எம்ஜிபி (இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று இருக்கிறது, நான்கு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரி செய்து வருகிறேன். அந்தக் காலத்தில் ஆசைப்பட்டவர்கள் தனியாக வாங்கி மாட்டிக்கொண்ட இரட்டைக் குழல் ஏர் ஹாரனை என் வண்டியிலும் பார்க்கவேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. இப்போது புதிதாக வரும் சிவப்பு பிளாஸ்டிக் குழல் வேண்டாம், பானெட்டைத் திறந்தால் அந்தக் காலத்துப் பொருள்தான் கண்ணில் படவேண்டும். தேடித் தேடி போன மாதம் ஒரு பழைய சாமான் பெட்டியில் ஃபியாம் (இத்தாலிய ஹாரன் கம்பெனி) என்று பொறித்த ஒரு ஜோடி கிடைத்தது. ஒரு குழல் நீளம், ஒன்று குட்டை, கூடவே ஒரு கம்பிரசர். அதில் 12 வோல்ட் என்று அடித்திருக்கிறது, இரண்டு முனைகள், ஒன்றின் பக்கத்தில் சிவப்புப் பொட்டு.

வீட்டுக்குக் கொண்டுவந்து சிவப்புப் பொட்டு முனையைப் பேட்டரியிலிருந்து வரும் வயரிலும், மற்றதை பாடியிலும் தொட்டுப் பார்த்தேன். மோட்டார் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் குழலிலிருந்து மூச்சுகூட வரவில்லை. குழாயைக் கழற்றிவிட்டுப் பார்த்தாலும் கம்பிரசர் வாயில் காற்று வருவது தெரியவில்லை. இரண்டு குழலையும் பிரித்து, உள்ளே அதிர்ந்து சத்தம் தரும் டயாஃப்ரத்தை மாற்றிவிடலாமா, இல்லை வேறு கம்பிரசர் தேடலாமா? குட்டைக் குழலின் குரோம் அங்கங்கே பொத்தல் பொத்தலாக இருக்கிறது, அதையும் என்ன செய்வது என்று சொல்லுங்கள். இந்த ஜோடியை வீணாக்கிவிடக் கூடாது என்ற பயத்தில் இன்னும் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடவில்லை.

கைப்பம்பு எழுதியது:

தம்பி, தொடாமல் விட்டதுதான் நல்லது. குழலைப் பிரிக்காதீர்கள். ஏர் ஹாரனில் காற்றைத் தருகிற பக்கம் ஒன்று, அதைச் சத்தமாக்குகிற பக்கம் ஒன்று. காற்றே வராதபோது சத்தத்தின் பக்கம் கை வைத்தால், நன்றாக இருக்கும் டயாஃப்ரத்தையும் நாமே கெடுத்துவிடுவோம். முதலில் கம்பிரசரைத் தனியாக மேஜைமேல் வைத்துச் சரி பாருங்கள்.

இந்த வகைக் கம்பிரசருக்குள் பிஸ்டன் எல்லாம் கிடையாது. வட்டமான அறைக்குள் ஒரு ரோட்டர், நடுவில் இல்லாமல் ஒரு ஓரமாகத் தள்ளி உட்கார்ந்திருக்கும். அதில் காடி வெட்டி, காடிக்குள் சின்னச் சின்னத் தகடுகள் சும்மா போட்டிருப்பார்கள், ஸ்பிரிங் இருக்காது. ரோட்டர் சுற்றும் வேகத்தில் தகடுகள் வெளியே வந்து அறையின் சுவரை உரசிக்கொண்டே காற்றை ஒரு பக்கம் உறிஞ்சி மறுபக்கம் தள்ளும். பல வருடம் ஓடாமல் கிடந்தால் பழைய எண்ணெய் கெட்டியாகி, வெல்லப்பாகு மாதிரி தகட்டைக் காடியோடு ஒட்டிவிடும். அப்போது மோட்டார் சுற்றும், காற்று வராது. நீங்கள் சொல்வது அச்சு அசலாக அதுதான்.

அடிமூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். மூடிக்கும் உடம்புக்கும் சேர்த்து முதலிலேயே ஒரு கோடு கீறி வையுங்கள், அதே இடத்தில் திரும்ப உட்கார வேண்டும். தகடுகளை ஒவ்வொன்றாக எடுக்கும்போது எந்தக் காடி, எந்த முனை வெளியே இருந்தது என்று படம் பிடித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு தகடும் தன் இடத்துக்கு ஏற்ற மாதிரி தேய்ந்திருக்கும். மண்ணெண்ணெயில் ஊற வைத்துத் துணியால் துடைத்தால் போதும், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவேண்டாம். திரும்பப் போட்டபின் ரோட்டரைக் கையால் சுற்றினால் தகடுகள் தானாக விழுந்து எழும் சத்தம் 'டிக் டிக்' என்று கேட்கவேண்டும்.

அப்புறம் எண்ணெய். தகட்டை ஒரு வெள்ளைத் தாளில் லேசாகக் கீறிப் பாருங்கள். பென்சில் மாதிரி கறுப்புக் கோடு விழுந்தால் அது கார்பன் தகடு, அதற்கு எண்ணெயே கூடாது, விட்டால் கார்பன் தூளோடு கலந்து சேறாகும். கோடு விழாத பழுப்புத் தகடு என்றால் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு. அதற்கு மேல் விட்டால் காற்றோடு சேர்ந்து குழலுக்குப் போய் டயாஃப்ரத்தில் படியும்.

செம்புக்கம்பி எழுதியது:

கைப்பம்பு அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனால் மூடியைக் கழற்றுவதற்கு முன் ஒரு நிமிடம். 1964 எம்ஜிபி என்றால் பாசிட்டிவ் எர்த் வண்டி! 1967 கடைசியில் வந்த இரண்டாவது மார்க் (Mk II) மாடலில்தான் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றினார்கள். இடையில் யாரும் மாற்றாமல் இருந்தால் உங்கள் வண்டியின் பாடி பிளஸ், பேட்டரியிலிருந்து வரும் வயர் மைனஸ். நீங்கள் சிவப்புப் பொட்டு முனையை அந்த வயரில் கொடுத்திருக்கிறீர்கள்.

மோட்டாருக்குள் நிரந்தரக் காந்தம் இருந்தால் பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்ததும் அது எதிர்ப்பக்கமாகச் சுற்றும். எதிர்ப்பக்கம் சுற்றும் கம்பிரசர் ஊதாது, உறிஞ்சும். காதுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, மோட்டார் சத்தம் அதேதான். காற்று வரும் வாயில் விரல் நுனியை வைத்துப் பாருங்கள், தோலை உள்ளே இழுத்தால் விஷயம் முடிந்தது. (காந்தத்துக்குப் பதில் சுருள் கம்பி சுற்றிய சில பழைய மோட்டார்களில் எப்படிக் கொடுத்தாலும் ஒரே பக்கம்தான் சுற்றும், அவற்றில் முனைகளை மாற்றிப் பயன் இல்லை.)

இரண்டு முனையும் தனித்தனியாக இருப்பது உங்கள் நல்ல நேரம். சிவப்புப் பொட்டை பாடிக்குக் கொடுங்கள், மற்றதை ரிலேவின் (சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டை இயக்கும் சுவிட்ச்) 87 என்று எண் போட்ட முனைக்கு. 30-க்குப் பேட்டரி வயர், நடுவில் 20 ஆம்பியர் பியூஸ். 86-க்கும் அதே வயரிலிருந்து ஒரு கிளை, 85-ஐ ஸ்டீயரிங்கில் இருக்கும் ஹாரன் பட்டனுக்கு, அந்தப் பட்டன் அழுத்தும்போது எர்த் கொடுக்கும். ரிலே இல்லாமல் நேரடியாகப் பட்டனில் கொடுக்கவே கூடாது. இந்தக் கம்பிரசர்கள் இழுக்கும் கரண்ட்டுக்குப் பட்டனின் மெல்லிய பித்தளை முனை கறுத்துவிடும், அந்தப் பட்டன் ஒரிஜினலாகக் கிடைப்பது ஹாரனைவிடக் கஷ்டம். உள்ளே டயோடு (கரண்ட்டை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) வைத்த ரிலே வாங்காதீர்கள், பாசிட்டிவ் எர்த்தில் அது தலைகீழாகி ஷார்ட் ஆகும்.

ஒற்றைச்சாவி எழுதியது:

விரலை வைத்தேன், இழுக்கிறது! முனைகளை மாற்றினேன், காற்று வந்துவிட்டது. இருந்தாலும் கைப்பம்பு அண்ணன் சொன்னபடி மூடியையும் கழற்றினேன். நான்கு தகட்டில் ஒன்று பாதி வெளியே வந்த நிலையில் ஒட்டிக்கிடந்தது, பழுப்புப் பிசின் மாதிரி ஏதோ. தாளில் கோடு விழவில்லை, அதனால் சுத்தம் செய்து இரண்டு சொட்டு எண்ணெய் விட்டேன். இப்போது காற்றின் வேகம் முன்னைவிட நன்றாகத் தெரிகிறது.

நீளக் குழல் தனியாக மாட்டினால் கணீர் என்று ஊதுகிறது. குட்டைக் குழல் மட்டும் 'ஸ்ஸ்' என்று காற்றை விடுகிறது, சத்தம் இல்லை. இரண்டையும் டி இணைப்பில் சேர்த்து மாட்டினால் நீளக் குழலும் அமுங்கிப்போகிறது. இப்போது பிரிக்கலாமா?

மணிக்கூடு எழுதியது:

இப்போது பிரிக்கலாம், குட்டையை மட்டும். சேர்த்து மாட்டும்போது நல்ல குழலும் அமுங்குகிறது என்றால் குட்டைக் குழல் வழியாகக் காற்று தடையில்லாமல் வெளியேறுகிறது, அழுத்தம் ஏறவே இல்லை என்று அர்த்தம்.

அதற்கு முன் குழல் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நான் வாங்கிய ஒரு குழலில் தொண்டை வரைக்கும் குளவி மண்கூடு கட்டி, அது கல்லாக இறுகியிருந்தது. வெந்நீரில் ஊற வைத்துக் குச்சியால்தான் எடுத்தேன், இரும்புக் கம்பி விட்டால் உள்விளிம்பு கெட்டுவிடும். அந்த விளிம்புதான் ஹாரனின் உயிர்.

பின் மூடியைத் திறந்தால் மெல்லிய வட்டத் தகடு தெரியும், அதுதான் டயாஃப்ரம். நடுவில் குழலின் தொண்டை விளிம்பு அந்தத் தகட்டில் சரியாக ஒட்டி நிற்கும். காற்று முதலில் விளிம்பைச் சுற்றியுள்ள அறையில் நிறைந்து தகட்டைப் பின்னால் தள்ளும், இடைவெளி கிடைத்ததும் குழலுக்குள் பாயும், அழுத்தம் குறைந்ததும் தகடு திரும்ப விளிம்பில் வந்து அடிக்கும். இது நொடிக்குப் பல நூறு தடவை நடப்பதுதான் நமக்குச் சத்தமாகக் கேட்கிறது. நீளமான குழலுக்குத் தாழ்ந்த சுருதி, குட்டைக்கு உயர்ந்த சுருதி. ஆகவே தகடும் விளிம்பும் சும்மா இருக்கும்போது ஒட்டி நிற்கவில்லை என்றால் நீங்கள் கேட்கும் அந்த 'ஸ்ஸ்' மட்டும்தான் வரும்.

ஒட்டாமல் போக மூன்று காரணம் பார்த்திருக்கிறேன். விளிம்பில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். இல்லையென்றால் யாரோ டயர் கம்பிரசரை நேராக மாட்டி முழு அழுத்தத்தில் ஊதிப் பார்த்து, தகடு கிண்ணம் மாதிரி வளைந்திருக்கும். இல்லையென்றால் மூடியின் ஓரத்து கேஸ்கெட்டை (இடுக்கில் காற்று கசியாமல் அடைக்கும் வளையம்) யாரோ தடிமனாக வெட்டிப் போட்டிருப்பார்கள், அதனால் தகடு விளிம்பைவிட்டு எழும்பி நிற்கும். மூன்றாவதுதான் அதிகம், யாரும் சந்தேகப்படுவதும் இல்லை. நீளக் குழலையும் திறக்காமல் வைத்திருப்பதால் அதன் கேஸ்கெட் எவ்வளவு தடிமன் என்று ஓரத்தில் எட்டிப் பார்த்து ஒப்பிடுங்கள்.

களிம்பு என்றால் தடித்த கண்ணாடித் துண்டின்மேல் 1000 நம்பர் நீர்த்தாளை ஒட்டி, தண்ணீர் விட்டு, விளிம்பைக் கவிழ்த்து எட்டு வடிவத்தில் நாலைந்து தடவை மட்டும் இழுங்கள். விளிம்பு முழுக்க ஒரே மாதிரி பளபளப்பு வளையம் தெரிந்ததும் நிறுத்திவிடவேண்டும். தகடு வளைந்திருந்தால் தட்டி நிமிர்த்தப் பார்க்காதீர்கள். மைக்ரோமீட்டரில் தடிமன் அளந்து, அதே தடிமனில், அதே உலோகத்தில் புதுத் தகடு வெட்டிப் போடுங்கள், தடிமன் கொஞ்சம் மாறினாலும் குரல் மாறும். சில குழல்களில் பின்னால் சரி செய்யும் ஸ்க்ரூ இருக்கும், அதை எட்டில் ஒரு பங்கு திருப்புவது, ஊதிப் பார்ப்பது, மறுபடி எட்டில் ஒரு பங்கு. மேஜைமேல் ஊதும்போது காதை மூடிக்கொள்ளுங்கள், அறைக்குள் இந்தச் சத்தம் காதுக்குக் கெடுதல்.

குரோம் பற்றி: பொத்தலுக்குள் வெள்ளைத் தூள் தெரிந்தால் அடியில் துத்தநாக வார்ப்பு, மஞ்சள் தெரிந்தால் பித்தளை. பித்தளை என்றால் ஒடுக்கு எடுத்து, செம்பு, நிக்கல், குரோம் என்று வரிசையாக முலாம் போட்டுக்கொள்ளலாம், புதுசு மாதிரி வரும். துத்தநாகத்தில் ஒவ்வொரு பொத்தலையும் சுரண்டி அடைத்தபின்தான் செம்பு ஏறும், அதில் பழக்கம் உள்ளவரிடம் மட்டும் கொடுங்கள். எதுவானாலும் ஃபியாம் எழுத்தின்மேல் மெருகுச் சக்கரம் படக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிடுங்கள். எழுத்து மழுங்கிய குழலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

நீலவாசல் எழுதியது:

இதைப் படித்துவிட்டுத் தேட ஆரம்பிப்பவர்களுக்காகச் சில வார்த்தை. ஆங்கிலத்தில் மட்டும் தேடாதீர்கள். இத்தாலிக்காரர்கள் 'ட்ரோம்பே' என்றும் ஜெர்மானியர்கள் 'ஃபன்ஃபாரே' என்றும் எழுதி விற்பார்கள், நல்ல ஜோடிகள் அங்கேதான் கண்ணில் படாமல் கிடக்கும். இங்கிலாந்தின் பியூலி பழைய உதிரிபாகச் சந்தை, அமெரிக்காவின் ஹெர்ஷி சந்தை மாதிரி இடங்களில் கையில் எடுத்து எடை பார்த்து வாங்கலாம்.

லூகாஸ் என்ற இங்கிலாந்து கம்பெனியின் விண்ட்டோன் ஹாரனை ஏர் ஹாரன் என்று சொல்லி விற்பவர்கள் நிறைய. அது அருமையான ஹாரன்தான், ஆனால் மின்சாரத்தில் தகடு அதிரும் வகை, காற்றுக்குழாய் மாட்டும் மூக்கே இருக்காது. அப்புறம் திரிசூலமும் மசெராட்டி பெயரும் பொறித்த ஏர் ஹாரன்களுக்குக் கார் கம்பெனியின் பெயரைச் சொல்லி விலை ஏற்றுவார்கள். அவை அதே பெயரில் ஸ்பார்க் பிளக்கும் பேட்டரியும் செய்த நிறுவனத்தின் சரக்கு. தரமான பொருள், ஆனால் எந்தக் காரோடும் வந்தது என்று நம்பி வாங்காதீர்கள்.

6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று எழுத்தில் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள். எம்ஜிபியில் சீட்டுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரி இருப்பதைப் பார்த்துவிட்டு 6 வோல்ட் கம்பிரசர் வாங்கிய ஒருவரை எனக்குத் தெரியும். இரண்டும் தொடராக இணைந்து 12 வோல்ட்தான் வருகிறது.

ஒற்றைச்சாவி எழுதியது:

மணிக்கூடு அண்ணா, கேஸ்கெட்தான்! குட்டைக் குழலில் தடித்த ரப்பர் ஷீட்டில் கத்தரியால் வெட்டிய வளையம் ஒன்று இருந்தது, நீளக் குழலில் இருப்பது மெல்லிய காகிதம். அதே தடிமனில் காகித கேஸ்கெட் வெட்டிப் போட்டேன், விளிம்பில் இருந்த களிம்பையும் நாலு இழுப்பில் எடுத்தேன். டயாஃப்ரம் நேராகவே இருக்கிறது, மாற்றவில்லை.

நேற்று சாயங்காலம் ரிலே போட்டு, கம்பிரசரைச் செங்குத்தாகவும், குழல் வாய்களைத் தண்ணீர் தங்காதபடி கொஞ்சம் கீழ்நோக்கியும் வைத்து மாட்டினேன். பட்டனை அழுத்தினேன். இரண்டு சுருதியும் சேர்ந்து வந்தது. பொத்தலுக்குள் மஞ்சள்தான் தெரிகிறது, பித்தளை. முலாமுக்குக் கொடுக்கும்முன் எழுத்தின்மேல் டேப் ஒட்டிக் கொடுக்கப் போகிறேன்.