கஃபர் எட்சியோன்: வீடு திரும்புதலா, குடியேற்றமா?

ஆதவன்: மேற்குக் கரையில் உள்ள எல்லா யூதக் குடியிருப்புகளையும் ஒரே தட்டில் வைப்பதை நான் ஏற்கவில்லை. பெத்லகேமுக்கும் ஹெப்ரோனுக்கும் இடையே உள்ள கஃபர் எட்சியோனைப் பாருங்கள். 1930களில் ஹோல்ஸ்மன் என்பவர் காசு கொடுத்து வாங்கிய நிலம் அது. ஜெர்மனில் ‘ஹோல்ஸ்’ என்றால் மரம், எபிரேயத்தில் ‘எட்ஸ்’. ஊர்ப்பெயர் அவர் நினைவாக வந்தது. 1943இல் அங்கே கிப்புட்ஸ் என்னும் கூட்டுப் பண்ணைக் குடியிருப்பு எழுந்தது. 1948 மே 13, இஸ்ரேல் பிறப்பதற்கு முந்தைய நாள், ஊர் அரபுப் படைகளிடம் வீழ்ந்தது. சரணடைந்தவர்களையும் சுட்டார்கள். முன்பே வெளியேற்றப்பட்டிருந்த பிள்ளைகள், ஜெருசலேம் ஓரத்தில் நின்று, எல்லைக்கு அப்பால் ஊர்ப்பக்கம் தெரிந்த ஒற்றைக் கருவாலி மரத்தைப் பார்த்து ஏங்கினார்கள். 1967 போரில் இஸ்ரேல் மேற்குக் கரையைப் பிடித்த பிறகு அங்கே திரும்பி வந்தவர்களை முன்னின்று அழைத்து வந்ததும் அந்தப் பிள்ளைகள்தாம். தகப்பன் மண்ணுக்குப் பிள்ளை போவது ஆக்கிரமிப்பா?

மருதன்: அந்தப் படுகொலையை நான் சிறிதாக்க மாட்டேன். ஆனால் 1967 செப்டம்பரில் இஸ்ரேல் வெளியுறவு அமைச்சகத்தின் சட்ட ஆலோசகர் தியோடர் மெரோன் என்ன எழுதினார்? கைப்பற்றிய பகுதியில் குடிமக்களைக் குடியேற்றுவது போர்க்காலத்தில் பொதுமக்களைக் காக்கும் நான்காம் ஜெனீவா உடன்படிக்கைக்கு முரண் என்றார். அதே மாதம் 27ஆம் தேதி குடியேறிவிட்டார்கள். வெளியுலகுக்கு அதை ராணுவத்தின் நஹால் முகாம், அதாவது வீரர்கள் உழவும் செய்யும் படைப்பிரிவின் முகாம், என்று சொன்னார்கள். நியாயமான செயலுக்கு எதற்கு அந்தப் போர்வை?

ஆதவன்: எட்சியோனுக்கு ‘வீடு திரும்புதல்’ என்ற வாதம் ஓரளவு உதவும் என்றும் அதே மெரோன் எழுதியிருக்கிறார், ஐயா. பாதியைப் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

மருதன்: முழுவதையும் படித்தேன். ‘ஓரளவு’தான். பத்திரம் கையில் இருப்பது வேறு; ஓர் அரசு பிடித்த நிலத்தில் தன் மக்களை இருத்துவது வேறு. பக்கத்தில் 1970இல் அலோன் ஷ்வூத், 1983இல் எஃப்ராத் என்று புதிய யூதக் குடியிருப்புகள் வந்தன. அங்கே போனவர்கள் எந்த வீட்டுக்குத் திரும்பினார்கள்?

வெண்ணிலா: மேற்கு ஜெருசலேமின் கத்தமோனில் 1948இல் வீடிழந்த பாலஸ்தீனக் குடும்பங்களும் இருக்கின்றன. 1950ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களை ‘இல்லாதோர்’ என்று எழுதி வீடுகளை எடுத்துக்கொண்டது. தகப்பன் மண் அவர்களுக்குக் கிடையாதா, ஆதவன்?

ஆதவன்: பாலஸ்தீனத்தை யூத நாடு, அரபு நாடு என்று பிரிக்கும் 1947ஆம் ஆண்டு ஐ.நா. திட்டத்தை அரபுத் தலைவர்கள் ஏற்றிருந்தால் அந்தப் போரே வந்திருக்காது. ஆனாலும் கத்தமோன் குடும்பங்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்பதை மனதார ஏற்கிறேன்.

மருதன்: கத்தமோன் பிள்ளைகளுக்கு இழப்பீடு போதும் என்றால், எட்சியோன் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் அது போதவில்லை?