கொட்ஸ்வோல்ட் கல் பண்ணைவீடு: சுவரின் குறுக்குவெட்டை எப்படி வரைவது?

வெள்ளவத்தை வரைஞர்:
வணக்கம். இங்கிலாந்து நிறுவனமொன்றுக்காக இங்கிருந்து வரைபடம் செய்கிறோம். இங்கிலாந்தின் கொட்ஸ்வோல்ட் குன்றுப் பகுதியில் உள்ள 17ஆம் நூற்றாண்டுச் சுண்ணக்கல் பண்ணைவீடு. லேசர் ஸ்கானில் சுவர்த் தடிப்பு 560 மி.மீ., ஓரிடத்தில் மட்டும் 610. வெளியே முழுக்கச் சீமெந்துப் பொயின்ரிங் (கல் இணைப்புகளை முகத்தில் சாந்தால் நிரப்பியது); உள்ளே தரையிலிருந்து ஒரு மீற்றர் வரை ஈரம். குறுக்குவெட்டில் முழுத் தடிப்பையும் ஒரே கல்லாக ஹட்ச் பண்ணலாமா (கோடிட்டு நிரப்பலாமா)? கூரையில் கல் ஓட்டு வரிசைகளைச் சம இடைவெளியில் போட்டால் போதுமா?

சுண்ணாம்புக் காளவாய்:
ஒரே கல்லாகக் காட்டவே வேண்டாம். அந்தச் சுவர் மூன்று படை: வெளிமுகக் கட்டு, உள்முகக் கட்டு, நடுவில் சில்லுக்கல்லும் மண்ணும் சுண்ணாம்பும் போட்ட நிரப்பு. இரண்டு முகங்களையும் பிணைப்பது இடையிடையே குறுக்கே போகும் நீளக் கற்கள்தான். அவை குறைந்த இடத்தில் நிரப்பு நனைந்து கீழே அமர்ந்து, முகத்தை வெளியே தள்ளும்.

உங்கள் 610ஐ அப்படியே விட்டுவிடாதீர்கள். அந்த இடத்தில் உள்முகத்தையும் வெளிமுகத்தையும் தனித்தனியே ஒரு செங்குத்துக் கோட்டோடு ஒப்பிடுங்கள். வெளிமுகம் மட்டும் புடைத்திருந்தால் படைகள் பிரிந்துவிட்டன. இரண்டு முகமும் ஒரே அளவு சாய்ந்து, தடிப்பு மாறாமலிருந்தால் அது பெரும்பாலும் கூரை தள்ளியதால் வந்த சாய்வு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஆகவே இரு கோடுகளையும் வரைபடத்தில் காட்டுங்கள். சுவரை நேராக்கி வரைவது பொறியியலாளரை ஏமாற்றுவதற்குச் சமன்.

அத்திவாரத்தில் ஈரத்தடைப் படலம் இருக்காது. கொங்கிறீற் அடித்தளமும் வரையாதீர்கள்; பெரும்பாலும் பெரிய கற்களை ஆழமில்லாமல் பரப்பியிருப்பார்கள். தெரியாத இடத்தில் ‘திறந்து பார்க்க வேண்டும்’ என்று குறிப்பெழுதுங்கள்.

கொட்டாஞ்சேனை கூரை:
சம இடைவெளி கூடாது. இறவாணத்தில் பெரிய ஓடு, மேலே போகப் போகச் சிறியது, முகட்டில் மிகச் சிறியது. வரிசை உயரமும் அதற்கேற்பக் குறையும். ஒவ்வொரு வரிசையையும் ஸ்கானிலிருந்தே எடுங்கள், இல்லாவிட்டால் ஓட்டுக் கணக்கு பிழைக்கும். சரிவு 50 பாகை அளவில் இருக்கும். ஓடு ஓக் ஆணியில் சலாகையில் தொங்கும். பாரம் சதுர மீற்றருக்குச் சுமார் 100 கிலோ. கைமர அளவை நம்மூர் ஓட்டுக்கூரையை வைத்து ஊகிக்காதீர்கள். இரு கூரைகள் சேரும் பள்ளத்தில் ஈயத்தகடு இல்லாமல் ஓட்டையே வளைவாகத் திருப்பி அடுக்கியிருக்கக்கூடும். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், அழகான வேலை அது.

வெள்ளவத்தை வரைஞர்:
மிக்க நன்றி. பார்த்தேன், வெளிமுகம் மட்டும்தான் புடைத்திருக்கிறது. ஈரத்துக்குச் சீமெந்துதான் காரணமா?

சுண்ணாம்புக் காளவாய்:
பெரும் பங்கு அதுதான். சுண்ணாம்புச் சாந்தென்றால் ஈரம் இணைப்பு வழியே வெளியேறும். சீமெந்து அதை அடைத்துவிட, கல்லின் முகம் வழியே போகிறது. உப்பு அங்கேயே படிகிறது, குளிர்காலத்தில் உறைபனியும் சேர்ந்து முகத்தை உரிக்கிறது. கல் உள்வாங்கி, சாந்து சட்டம்போல் துருத்தி நிற்கும் இடங்களைக் குறியுங்கள். கொழும்புக் கோட்டையின் பழைய டச்சு வைத்தியசாலைச் சுவரும் ஏறக்குறைய 50 செ.மீ. தடிப்புத்தான், ஆனால் கொழும்பில் உறைபனி இல்லை.

திருத்தக் குறிப்புக்கு: சீமெந்தை உளியால் எடுக்க வேண்டும், கிரைண்டர் கல் விளிம்பை வெட்டிவிடும். குறைந்தது 25 மி.மீ. ஆழம். இணைப்பை நனைத்து, இயற்கை நீரியல் சுண்ணாம்பு (நீரோடு சேர்ந்து இறுகும் வகை) 1 பங்குக்கு, பல பருமன் துகள்கள் கலந்த கூர்மணல் 2.5 முதல் 3 பங்கு. வெப்பநிலை 5 பாகை செல்சியசுக்குக் கீழே போகுமென்றால் வேலை நிறுத்தம். புடைத்த பகுதியைப் பிணைக்காமல் முதலில் பொயின்ரிங் செய்யக்கூடாது.

மண்மட்டம்:
வெளி நிலமட்டத்தையும் எடுங்கள். பழைய பண்ணைவீடுகளில் முற்றம் உயர்ந்து உள்தரைக்கு மேலே வந்திருக்கும். ஸ்கானில் இரண்டுக்கும் வித்தியாசம் என்ன என்று எழுதுங்கள். முடிந்தால் வெளிமட்டத்தை உள்தரைக்கு 150–200 மி.மீ. கீழே இறக்கலாம், ஆனால் சுவரடியை ஒட்டித் தோண்டினால் அந்த ஆழமில்லாத அத்திவாரம் அசையும், வடிகாலைச் சற்றுத் தள்ளியே காட்டுங்கள். 1700க்கு முற்பட்டு, பெருமளவு மூல நிலையில் நிற்கும் வீடென்றால் அநேகமாகப் பட்டியலிட்ட (சட்டப் பாதுகாப்புள்ள) கட்டடம்தான். பொயின்ரிங் மாற்றத்துக்கும் அனுமதி தேவைப்படலாம் என்று வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.