டிசம்பர் 1, உலக எய்ட்ஸ் தினம்: பேரணி, கோலப்போட்டி தவிர வேறு என்ன செய்யலாம்?

செஞ்சுருள் மாணவன்:
எங்கள் கல்லூரி செஞ்சுருள் சங்கத்துக்கு (எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கான ரெட் ரிப்பன் கிளப்) நான் மாணவர் பொறுப்பாளர். வருடா வருடம் மனிதச் சங்கிலி, கோலப்போட்டி, உறுதிமொழி, குரூப் போட்டோ, அவ்வளவுதான். கோலத்தில் பரிசு வாங்கியவளிடம் ஹெச்.ஐ.வி.க்கும் எய்ட்ஸுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் சிரிக்கிறாள். இந்த முறை உருப்படியாக ஏதாவது செய்ய ஆசை. ஆனால் நோட்டீஸில் 'ஆணுறை' என்ற சொல்லே வரக்கூடாது என்கிறார் துறைத்தலைவர்.

டவுன்பஸ்:
2003 வாக்கில் ஊரெல்லாம் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பர போர்டு. புள்ளிராஜா அதில் வரும் கற்பனை ஆள். ராஜா என்று பெயர் வைத்தவன் பாடு திண்டாட்டம்தான். ஊரையே பேச வைத்தார்கள், சரி. ஆனால் இது 'அந்த மாதிரி ஆளுக்கு' வருவது என்ற நினைப்பும் கூடவே ஒட்டிக்கொண்டது.

கவுன்சிலர் அக்கா:
தம்பி, நான் நம்பிக்கை மையத்தில் (அரசின் ஹெச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை மையம்) கவுன்சிலர், அதாவது ஆலோசகர். மைக்கை ஓரமாக வைத்துவிட்டு ஒரு அட்டைப்பெட்டி வையுங்கள். பெயர் எழுதாமல் கேள்வி போடட்டும். கொசு கடித்தால் வருமா என்பதில் ஆரம்பிப்பார்கள் (வராது). நாலு சீட்டு தாண்டினால் நிஜக் கேள்வி வரும். ஆணுறை கிழிந்துவிட்டது, இப்போது என்ன செய்வது? 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும், தேவைப்பட்டால் தொற்றைத் தடுக்க 28 நாள் மாத்திரை கொடுப்பார்கள். இது தெரியாமல் ஒரு வாரம் பயந்துகொண்டே இருந்துவிட்டு வருகிற பையன்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம்தான் வரும். அப்புறம், மறுநாளே ஓடிவந்து பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தால் தொற்று தெரியாது. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

ஆணுறையைக் கையில் எடுத்தே காட்டுங்கள். காலாவதி தேதி எங்கே இருக்கிறது, பர்ஸில் மாதக்கணக்கில் ஏன் வைக்கக்கூடாது, தேங்காய் எண்ணெய் பட்டால் ஏன் கிழியும் என்று.

செஞ்சுருள் மாணவன்:
அக்கா, பரிசோதனைக்கு வந்தால் வீட்டுக்குச் சொல்லிவிடுவார்களா? எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள்.

கவுன்சிலர் அக்கா:
18 வயது ஆகிவிட்டால் அவரவர் சம்மதம் போதும். சம்மதமில்லாமல் முடிவை வெளியே சொல்லக்கூடாது என்று 2017 சட்டமே இருக்கிறது. பரிசோதனை இலவசம். நேரில் வரத் தயங்கினால் 1097 எய்ட்ஸ் உதவி எண்ணுக்குப் பேசட்டும். துறைத்தலைவருக்கு மாவட்ட எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அலகிலிருந்து ஒரு கடிதம் வாங்கிக் கொடுங்கள். செஞ்சுருள் சங்கம் அரசுத் திட்டம்தானே, கடிதத்தில் 'ஆணுறை' என்று அவர்களே எழுதட்டும்.