செயற்கைப் பனியில் ஆறுமுனை நட்சத்திரம் ஏன் இல்லை?

உட்லண்ட்ஸ் அம்மா: தொடக்கநிலை நான்கில் படிக்கும் மகள், இங்கே சிங்கப்பூரில் உள்ள உள்ளரங்கப் பனிக்கூடத்தில் பூதக்கண்ணாடியால் பார்த்தாள். எல்லாம் குட்டி உருண்டைகள். ஏன்?

ஈசூன்வாசி: இயந்திரம் பொதுவாக நீர்த்துளிகளையே உறைய வைக்கும், அதனால்தான் உருண்டை. மேகத்தில் நீராவி நேராகப் பனிப்படிகத்தில் படிகிறது. நீர் மூலக்கூறுகள் அறுகோணமாக அடுக்கப்படுவதால் ஆறு கைகள். வடிவத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலையும் ஈரப்பதமும்: மைனஸ் 5 டிகிரி அருகே ஊசி, மைனஸ் 15 அருகே கிளைவிட்ட நட்சத்திரம். ஜப்பானில் இயற்பியலாளர் உக்கிச்சிரோ நக்காயா 1936இல் முயல் முடியின்மேல் படிகம் வளர்த்துக் காட்டினார். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது!

உட்லண்ட்ஸ் அம்மா: நன்றி அண்ணே. அப்போ படங்களில் பெரிதாக விழுவது?

ஈசூன்வாசி: அது பல படிகங்கள் ஒட்டிய கொத்து. சுழியம் டிகிரியை நெருங்கும்போது நன்றாக ஒட்டும். தனிப்படிகம் பெரும்பாலும் சில மில்லிமீட்டர்தான்.

பிடோக் தம்பி: நம் இடிமழை மேகங்களின் உச்சியிலும் பனிப்படிகங்கள் உண்டு, அக்கா. சுமார் 5 கிலோமீட்டருக்கு மேலே உறைநிலைதான். கீழே வருமுன் உருகிவிடும். மகளிடம் கட்டாயம் சொல்லுங்கள்.