கொடிக்கம்பத்தின் நிழலை அளந்தோம். அதன்பின் என் கை ஓடவில்லை

கேள்வி (இடைநிலை ஆசிரியை, தஞ்சை மாவட்டம்)

பதினோரு ஆண்டுகளாக ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். சென்ற ஜூலையில் ஒருநாள் பிள்ளைகளோடு கொடிக்கம்பத்தின் நிழலைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தேன். நிழல் முடியும் இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு கூழாங்கல். நிழல் மிகவும் குறுகியது பன்னிரண்டு மணிக்கு அல்ல, 12.20 அளவில். “கடிகாரம் தப்பாகக் காட்டுகிறதா, டீச்சர்?” என்றாள் ஒரு சிறுமி. நம் நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது, நம் ஊர் அதற்கு மேற்கே இருப்பதால் சூரியன் இங்கே உச்சிக்கு வரச் சற்றுத் தாமதமாகிறது, அதுதான் முக்கியக் காரணம் என்று உலக உருண்டையில் காட்டினேன். அவள் முகத்தை இன்னும் மறக்கவில்லை.

மறுநாள் தலைமை ஆசிரியர், “பாடக்குறிப்பில் இது இல்லையே” என்றார். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். உடன் பணிபுரியும் ஒருவர், “நீங்கள் செய்தால் நாளை எங்களையும் செய்யச் சொல்வார்கள்” என்றார். அதோடு புத்தகத்தை மட்டும் வாசிக்கிறேன். ஊக்கம் உள்ளிருந்து வர வேண்டும் என்கிறார்களே, அப்படியானால் குறை என்னிடமா?

பதில் (ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்)

இல்லை அம்மா. 2007-08இல், பிள்ளைகள் பாட அட்டைகளைக் கொண்டு தாமே செய்து கற்கும் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுவதற்கும் வந்தபோது இரண்டு பள்ளிகளை அருகிலிருந்து பார்த்தேன். அதே அட்டைகள், அதே பயிற்சி. ஒரு பள்ளியில், கிழிந்தால் கணக்குச் சொல்ல வேண்டுமே என்று பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். இன்னொன்றில், தேய்ந்த அட்டைகளுக்குப் பதிலாக ஆசிரியைகளே கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்கள். அங்கே கிழிந்ததற்கு யாரும் விளக்கம் கேட்கவில்லை. நான் தலைமை ஆசிரியரானபின், வெள்ளிக்கிழமைத் தேநீர் வேளையில் என் வகுப்பில் பிசகிய பாடத்தை முதலில் நானே சொல்லிவிடுவேன். மற்றவர்கள் வாய் திறக்க மூன்று மாதம் ஆயிற்று.

பதில் (கல்வியியல் கல்லூரி விரிவுரையாளர்)

எட்வர்ட் டெசி என்ற உளவியலாளர் 1971இல் வெளியிட்ட சோதனையில், புதிரை விடுவிக்கப் பணம் பெற்ற மாணவர்களுக்குப் பணம் நின்றபின் அதில் இருந்த ஆர்வமும் குறைந்தது. ஆகவே விருது கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதை நான் ஏற்பதில்லை. தானே முடிவெடுக்கும் உரிமை, தன்னால் முடியும் என்ற உணர்வு, உடனிருப்பவர்களின் நெருக்கம் ஆகிய மூன்றும்தான் உள்ளூக்கத்துக்கு உரம் என்று அவரும் ரிச்சர்ட் ரயனும் பின்னர் விளக்கினார்கள். உங்களுக்கு அறுபட்டது மூன்றாவது. ஒரே ஒரு துணையைத் தேடுங்கள்.

கேள்வி கேட்டவர்

ஐயா, இன்று நான்காம் வகுப்பு ஆசிரியையிடம் அந்தக் கூழாங்கற்களைக் காட்டினேன். ஜூலையில் தெற்கே விழுந்த நண்பகல் நிழல் டிசம்பரில் வடக்கே விழும் என்றதும், “என் பிள்ளைகளையும் அழைத்து வரட்டுமா?” என்று கேட்டார். திங்கட்கிழமை இரண்டு வகுப்பும் சேர்ந்து அளக்கப் போகிறோம்.