ரெஜீதேயாட்டர்: தமிழில் என்ன சொல்லலாம்?

மொழிபெயர்ப்பாளர், சென்னை

அனைவருக்கும் வணக்கம். நாடகத்துறை மாணவர்களுக்கான ஒரு கட்டுரைத் தொகுப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் ஜெர்மன் நாடக, ஓப்பரா (இசை நாடகம்) இயக்குநர் ரூத் பெர்க்ஹவுஸ் பற்றிய கட்டுரை என் பொறுப்பு. எல்லாம் முடிந்துவிட்டது, 'ரெஜீதேயாட்டர்' என்ற ஒரு ஜெர்மன் சொல்லைத் தவிர. பனுவலையும் இசையையும் வைத்துக்கொண்டே, மேடையில் அவற்றின் பொருளை இயக்குநர் புதிதாகக் கட்டுகிற முறை அது. ஜெர்மன் மொழி அரங்குகளில் பல பத்தாண்டுகளாக இதை வைத்துத்தான் சண்டை.

ஆளைத் தெரியாதவர்களுக்காக: பெர்க்ஹவுஸ் 1927-இல் டிரெஸ்டனில் பிறந்தவர். கிரெட் பலுக்காவிடம் நடனம் படித்தவர். 1964-இல், நாடகாசிரியர் பிரெக்ட் தொடங்கிய பெர்லினர் ஆன்சாம்பிள் குழுவின் 'கொரியோலான்' நாடகத்தில் போர்க்காட்சிகளின் அசைவுகளை அமைத்துப் பேர் வாங்கினார். அதன் தலைவராக இருந்த, பிரெக்டின் மனைவி ஹெலெனே வைகல் 1971-இல் மறைந்ததும் அந்தக் குழுவுக்கே தலைமை ஏற்று 1977 வரை நடத்தினார். பிறகு கிழக்கு ஜெர்மனியின் குடிமகளாக இருந்துகொண்டே மேற்கில் பிராங்க்பர்ட் ஓப்பராவில் தொடர்ந்து பணியாற்றினார்.

'இயக்குநர் அரங்கு' என்று போட்டு வைத்திருக்கிறேன். மனம் ஒப்பவில்லை. உதவுங்கள்.

நாடக ஆசிரியர், யாழ்ப்பாணம்

தங்கச்சி, 'இயக்குநர்' வேண்டாம். அது சினிமாவின் சொல்லாகிவிட்டது. இங்கே 'இயக்கம்' என்றால் சனத்துக்கு முதலில் நினைவு வருவது வேறு. நாங்கள் நெடுங்காலமாக 'நெறியாள்கை' என்றுதான் எழுதுகிறோம், பாடப்புத்தகத்திலும் அதுதான். ரெஜீ என்ற பிரெஞ்சுச் சொல்லின் அடியில் இருக்கும் லத்தீன் வினைக்கும் நேராக நடத்துதல், ஆளுதல் என்றே பொருள். நெறி, ஆள்கை இரண்டும் அதிலேயே இருக்கின்றன. 'நெறியாளர் அரங்கு' என்று எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், மதுரை

முதலில் ஒரு செய்தி. இந்த இழையில் யாரும் 'இயக்குனர்' என்று றன்னகரமிட்டு எழுதவில்லை, மகிழ்ச்சி. பொருநர், மகிழ்நர், பெறுநர் என்பவற்றில் வரும் அதே 'நர்' விகுதிதான் இது. செய்தித்தாள்கள் இதைக் கெடுத்துவிட்டன.

சொல்லுக்கு வருகிறேன். ஆளை முன்னிறுத்தாமல் முறையை முன்னிறுத்த வேண்டும். தொல்காப்பியர் அகத்திணையியலில் சொல்கிறார்: 'நாடக வழக்கினும் உலகியல் வழக்கினும் பாடல் சான்ற புலனெறி வழக்கம்'. உலகில் உள்ளதும் புனைந்துகொண்டதும் கலந்து, புலவனின் நெறிப்படி அமைவது புலனெறி. பெர்க்ஹவுஸ் அம்மையார் செய்ததும் அதுதான். இயக்குநர் வால்டர் ஃபெல்சன்ஸ்டைன் பெர்லினில் 1947-இல் தொடங்கிய கோமிஷே ஓப்பர் என்ற ஓப்பரா அரங்கு உலகியல் வழக்கின் பக்கம் நின்றது. பாடுகிறவன் ஏன் பாடுகிறான் என்பதற்கு நம்பத்தக்க காரணம் வேண்டும் என்றார் அவர். பெர்க்ஹவுஸ் நாடக வழக்கை எடுத்தார். ஆகவே 'புலனெறி அரங்கு'.

குழு நடத்துபவர், கோவை

ஐயா, விளக்கம் அருமை. ஆனால் முதலாண்டு மாணவன் 'புலனெறி' என்று படித்தால் புலன்களைத் தூண்டும் அரங்கு என்றுதான் நினைப்பான். அடிக்குறிப்பைப் படித்தால்தான் புரியும் சொல் எதற்கு? 'மறுவாசிப்பு அரங்கு' என்று போடுங்கள். இன்று எல்லாருக்கும் தெரிந்த சொல்.

1981-இல் பிராங்க்பர்ட்டில் இயக்குநர் ஹான்ஸ் நாயன்ஃபெல்ஸ் வெர்டியின் ஓப்பரா நாயகியான இளவரசி ஐடாவைத் தரை துடைக்கும் வேலைக்காரப் பெண்ணாக மேடையேற்றினார். அரங்கமே கொந்தளித்தது. அது மறுவாசிப்புதானே?

மொழிபெயர்ப்பாளர், சென்னை

அண்ணா, நாயன்ஃபெல்சுக்கு அது பொருந்தலாம். பெர்க்ஹவுசிடம் இடிக்கிறதே. 1968-இல் பெர்லின் அரசு ஓப்பராவில் அவர் மேடையேற்றிய ரொசினியின் ஓப்பரா 'செவில் நகர நாவிதன்' கதையைத் திருப்பிப் போடவில்லை. ஆகிம் ஃப்ரையரின் காட்சியமைப்பில் தீட்டிய துணிதான் வீடு. பாடகர்களின் கைகால்கள் ரொசினி இசையின் தாளத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும். ஐம்பது ஆண்டு கடந்தும் அந்தத் தயாரிப்பு மேடையில் இருந்தது. 1986-இல் டிரெஸ்டனில் செய்த 'எலெக்ட்ரா' ஓப்பராவில் இசைக்குழுவையே மேடைக்கு ஏற்றிவிட்டார். நடுவில் நீச்சல் குளத்துக் குதிகோபுரம் மாதிரி ஓர் அமைப்பு, பாடகர்கள் அதன் மேல். இசையைத் தள்ளி வைத்துவிட்டுத் தன் கதையைச் சொன்னவர் இல்லை அவர். இசை கேட்கிற இடத்தில் உடல் எங்கே நிற்க வேண்டும் என்று கேட்டவர். 'மறுவாசிப்பு' அந்த உடலை விட்டுவிடுகிறது.

பேராசிரியர், மதுரை

துணி என்றதும் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை நினைவுக்கு வருகிறது. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூன்று திரைகளை இளங்கோ சொல்கிறார். ஒரு பக்கமிருந்து இழுப்பது, இரு பக்கமிருந்தும் வந்து சேர்வது, மேலிருந்து இறங்குவது. மேடையைப் பாதி உயரம் மட்டும் மறைக்கும் பிரெக்ட் மரபின் பாதித்திரைக்கு இவற்றில் ஒன்றையாவது எடுத்துக்கொள்ளக் கூடாதா? 'திரைச்சீலை' என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம்.

நாடக ஆசிரியர், யாழ்ப்பாணம்

ஐயா, எழினியைத் தனி இழையில் பேசுவோம், நானும் வருகிறேன். பிரெக்டைத் தொட்டபடியால் ஒன்று. பார்ப்பவர் கதையில் மூழ்காமல் விலகி நின்று யோசிக்கச் செய்யும் அவருடைய உத்தியை 'அந்நியமாதல்' என்று எழுதி, மார்க்சின் அந்நியமாதலோடு குழப்பி, இரண்டு தலைமுறை மாணவர்களைக் கஷ்டப்படுத்திவிட்டோம். 'தூரப்படுத்தல்' என்று பிரித்து எழுதினால் புரிகிறது. ஒரு சொல் இரண்டு வேலை பார்த்தால் வகுப்பில்தான் அது தெரியும். 'மறுவாசிப்பு' ஏற்கெனவே இலக்கியத் திறனாய்வில் முழுநேர வேலை பார்க்கிறது.

கூத்தில் ஆட்டம், பாட்டு, மேடை எல்லாவற்றையும் பழக்குகிறவர் அண்ணாவியார். 'அண்ணாவி அரங்கு' என்றுகூட யோசித்தேன். ஆனால் அண்ணாவியார் மரபைக் கையளிப்பவர், இது மரபோடு மல்லுக்கட்டுவது. விட்டுவிட்டேன்.

குழு நடத்துபவர், கோவை

சரி, 'மறுவாசிப்பை' விடுகிறேன். 'நெறியாளர்' என்றால் இங்கே ஆய்வேட்டு வழிகாட்டி, தொலைக்காட்சி விவாதம் நடத்துபவர் என்றும் பொருள் வரும். அதையும் கணக்கில் எடுங்கள். இன்னொன்று: ஜெர்மனில் இந்தச் சொல்லை எதிர்ப்பவர்கள்தான் அதிகம் வீசுகிறார்கள், வசவாக. ஆளின் பெயரில் சொல் அமைந்தால் அந்த வசவும் கூட வருமே?

மொழிபெயர்ப்பாளர், சென்னை

அதனால்தான் ஆளை விட்டுச் செயலைப் பிடிக்கலாம் என்று தோன்றுகிறது: 'நெறியாள்கை அரங்கு'. யாழ்ப்பாணத்துச் சொல்லும் ஆயிற்று, பேராசிரியர் கேட்ட முறையும் ஆயிற்று. பிராங்க்பர்ட்டில் மைக்கேல் கீலன் இசை நடத்த, 1985 முதல் 1987 வரை பெர்க்ஹவுஸ் அமைத்த, வாக்னரின் ஓப்பராத் தொடரான 'நிபெலுங்கின் மோதிரம்' பற்றிய பத்தியில் போட்டுப் பார்த்தேன், உறுத்தவில்லை. மறுப்பு இருந்தால் நாளை மாலைக்குள் சொல்லுங்கள்.

நாடக ஆசிரியர், யாழ்ப்பாணம்

சம்மதம்.

குழு நடத்துபவர், கோவை

கொஞ்சம் நீளம்தான். ஆனாலும் சரி, போடுங்கள்.

பேராசிரியர், மதுரை

அம்மா, அச்சு அவசரம் புரிகிறது, போட்டுக்கொள்ளுங்கள். என் வாக்கு 'புலனெறி'க்கே. 'நெறியாள்கை' யார் நடத்துகிறார் என்பதைச் சொல்கிறது. மேடையில் பிறக்கும் பொருள் எந்த வழக்கைச் சேர்ந்தது என்பதைச் சொல்லவில்லை. சொல்லடைவில் இரண்டாவது வடிவமாகவாவது சேருங்கள். எழினிக்கு நாளை புது இழை தொடங்குகிறேன்.