பழகுகிற பிள்ளைக்கு முதலில் பிலிம் கமராவா, டிஜிற்றலா?

கோண்டாவிலான்:
படம் எடுக்கப் பழக வரும் பிள்ளைக்கு முதலில் பிலிம் கமராதான் கொடுக்க வேண்டும். 35 மி.மீ. றோலில் 36 படம், அவ்வளவுதான். நல்லூர்த் தேரன்று வீதியில் நின்று பாருங்கள். தேர் அசைந்ததும் எல்லோரும் விரலை எடுக்காமல் அழுத்துகிறார்கள். சில்லுக்கு முட்டுக்கட்டை போடுகிறவரின் முகத்தை ஒருவரும் கவனிப்பதில்லை. மிச்சம் எத்தனை படம் என்று தெரிந்தவன் முதலில் இடம் பார்ப்பான், வெளிச்சம் பார்ப்பான், பிறகுதான் அழுத்துவான்.

பண்ணைக்காற்று:
அண்ணை, றோல் போட்டால் கட்டுப்பாடு வந்துவிடுமா? அமெரிக்க வீதிப் படக்காரர் கரி வினோகிராண்ட் 1984இல் இறந்தபோது கழுவாத றோல்கள் மட்டும் சுமார் 2,500 கிடந்தன. அதுவும் பிலிம்தானே! யாழ்ப்பாணம் பண்ணைக் கடலோரத்தில் மாலை வெயிலுக்கு எதிரே வீச்சுவலை எறிகிறவரை எடுத்துப் பாருங்கள். வானம் வெளுத்துப்போனால், படத்தின் வெளிச்சத்தைத் திரையில் வரைந்து காட்டுகிற ஹிஸ்டோகிராமின் வலது ஓரம் அந்த இடத்திலேயே சொல்லிவிடும், அடுத்த வீச்சுக்குள் திருத்தலாம். பிலிமில் பிழை தெரிய வரும்போது என்ன அப்பேச்சர் (லென்ஸ் துவாரத்தின் அளவு), என்ன ஷட்டர் வேகம் வைத்தோம் என்பதே மறந்திருக்கும்.

கோண்டாவிலான்:
அதற்குத்தான் கொப்பியில் குறிக்கச் சொல்கிறோம் தம்பி. அதோடு கலர் நெகட்டிவ் ஒன்றிரண்டு ஸ்டொப் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கும்; ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. டிஜிற்றலில் வெளுத்தது வெளுத்ததுதான். ஐ.எஸ்.ஓ. (பிலிமின் வெளிச்ச உணர்திறன்) 100 றோல் என்றால் நல்ல வெயிலில் அப்பேச்சர் 16, வேகம் 1/125. இதை வைத்தே வெளிச்சம் அளக்கிற மீற்றர் இல்லாமல் எடுக்கலாம். திரையைப் பார்த்தே வளர்ந்த பிள்ளை வெயிலை அண்ணாந்து பார்க்காது.

நாவற்குழி:
நான் கலியாண வீடு எடுக்கிறவன். கெட்டிமேளம் முழங்கும்போது எல்லோரும் எழும்பிவிடுவார்கள். மாப்பிள்ளையின் விரலுக்கும் பெண்ணின் கழுத்துக்கும் நடுவில் யாரோ ஒரு மாமியின் கை வரும். அந்த நேரம் 37ஆவது படம் இல்லை என்று சொல்ல முடியுமா? ஒரே படம் இரண்டு மெமரி கார்ட்டில் பதிகிற கமராதான் எனக்கு வேண்டும். ஆனால் ஒன்று. எடுத்ததையெல்லாம் அள்ளிப் பெண் வீட்டாரிடம் கொடுக்கிற பழக்கம் வேலைக்கு அவமரியாதை. அன்றிரவே உட்கார்ந்து நல்லதைத் தெரிந்தெடுக்க வேண்டும். கட்டுப்பாடு என்றால் எனக்கு அதுதான்.

பண்ணைக்காற்று:
நாவற்குழி அண்ணை சொல்வது முழுக்கச் சரி. இன்னொன்று, றோல் விலையும் கழுவுகிற கூலியும் படிக்கிற பிள்ளைக்குப் பெரிய சுமை. காசுக்குப் பயந்து அழுத்தாமல் விடுவதைக் கட்டுப்பாடு என்று நான் ஏற்கமாட்டேன். எடுக்க வேண்டிய படமும் சேர்ந்தே போய்விடுகிறது.

கோண்டாவிலான்:
காசு விசயம் சரி, ஏற்கிறேன். அப்படியென்றால் டிஜிற்றலையே கொடுத்து, திரைக்கு மேல் டேப் ஒட்டி, 36 படத்தோடு திரும்பி வா என்று அனுப்பலாமே?

பண்ணைக்காற்று:
36க்குச் சம்மதம். டேப் ஒட்ட விடமாட்டேன் அண்ணை. பழகுகிற பிள்ளை தன் பிழையைச் சூட்டோடு சூடாகப் பார்க்க வேண்டும்.